எனக்கு ஒரு காப்பி

(உலகப் புகைப்பட நாளான ஆகஸ்ட் 19 அன்று மதுரையில் ஆற்றிய உரை)



முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மூத்த ஸ்டுடியோக்காரர்களே, கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் மாணவ மாணவியரே, இடம் இருந்தும் உட்காராமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே! கேமராக்காரனுக்கு உட்காரும் பழக்கம் கிடையாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு முக்கால் மணி நேரம் உட்காருங்கள்.

1839ஆம் ஆண்டு இதே ஆகஸ்ட் 19ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையை உலகத்துக்கு வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். வழக்கமாக இந்த மேடையில் கருவியைப் பற்றிப் பேசுவார்கள். எந்த லென்ஸ் நல்லது, எந்த கேமரா விலை இறங்கியிருக்கிறது, செல்போன் வந்து நம் பிழைப்பைக் கெடுத்ததா இல்லையா என்று பேசுவார்கள். அதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான். சொந்த ஊரை விட்டு வந்த புகைப்படக்காரன், வந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அங்கேயே தங்கிவிட்டால் என்ன ஆகிறது? அவன் கண்ணுக்கு என்ன ஆகிறது? அவன் எடுக்கும் படத்துக்கு என்ன ஆகிறது?

நான் நாகப்பட்டினத்துக்காரன். 2011இல் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஆறு மாதம் வேலை என்று மதுரைக்கு வந்தேன். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

வந்த முதல் வாரம் என்ன செய்திருப்பேன்? நீங்களே சொல்லுங்கள். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் கீழேயிருந்து எடுத்தேன். தெற்குச் சித்திரை வீதியிலிருந்து எடுத்தேன். புறாவோடு எடுத்தேன், புறா இல்லாமல் எடுத்தேன். 1559இல் கட்டிய கோபுரம், 170 அடி உயரம், சும்மா விடுமா? ஒரு வாரத்தில் 212 படம். ஸ்டுடியோ முதலாளியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, கழுத்து வலிக்கலையா?"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. 212 படத்திலும் நான் அண்ணாந்துதான் இருந்திருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் கண் மட்டத்தில் ஒரு மனிதர் நின்ற படம் ஒன்றுகூட அதில் இல்லை.

சரி, நானாவது சின்ன ஆள். எனக்கு முன்னால் இந்த ஊருக்குக் கேமராவோடு வந்த பெரிய ஆள் ஒருவரைப் பார்ப்போமா? 1858ஆம் ஆண்டு, ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். கேப்டன் லினேயஸ் டிரைப்.

டிரைப் 1822இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கும்பினியாரின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக் குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. பெங்களூரில் கூடம் அமைத்துக்கொண்டு, 1857 டிசம்பரில் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த நேரம். இவரோ முக்காலியும் ரசாயனப் புட்டிகளும் காகிதக் கட்டுகளுமாகச் சேலம், திருச்சி வழியாக மதுரைக்கு வருகிறார். பிறகு புதுக்கோட்டை, தஞ்சாவூர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 20 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் என்றால் அவர் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

அந்த நாளில் படம் எடுப்பது என்றால் என்ன? கண்ணாடியில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவ வேண்டிய முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? டிரைப் அதைத் தவிர்த்தார். மெழுகேற்றிய காகிதத்தில் எடுத்தார். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகும் சற்று நேரம் கழித்துக் கழுவலாம். ஒவ்வொரு காகிதமும் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். ஆனால் ஒன்று. ஒளி படிய நிமிடக் கணக்கில் ஆகும். நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்பது எது? கல் நிற்கும். தூண் நிற்கும். மனிதன் நிற்பானா? மாடு நிற்குமா? தெருவில் நடந்தவர்கள் எல்லாரும் காகிதத்தில் ஏறாமலே போய்விட்டார்கள். அதனால்தான் டிரைப்பின் மதுரையைப் பார்த்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போனது போல இருக்கும். தூங்கா நகரத்தை ஆளே இல்லாத ஊராகக் காட்டிய முதல் ஆள் அவர்தான்! அந்தக் காகிதம் நீல ஒளிக்கு மிகையாக மயங்குவதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதற்காகச் சில நெகட்டிவ்களில் கையால் மேகம் வரைந்திருக்கிறார். ஃபோட்டோஷாப் வந்து உண்மையைக் கெடுத்துவிட்டது என்று புலம்பும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சில வாரங்கள் இங்கே தங்கியது அவருக்கு என்ன செய்தது? அவருடைய மதுரைப் படங்கள் 1858இல் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. கோபுரம் இருக்கிறது, பொற்றாமரை இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது. இவை எவர் வந்தாலும் எடுப்பவை. திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. பின்னால் நேப்பியர் ஆளுநராக வந்து பழுதுபார்ப்பதற்கு முந்திய மகால். ஆனால் வேறு சிலவும் இருக்கின்றன. கோயில் நகைகளைப் பரப்பிவைத்து எடுத்த படம் இருக்கிறது. அதற்குக் கோயில்காரர்கள் பெட்டியைத் திறக்க வேண்டும். வந்த அன்றே திறப்பார்களா? வைகையின் குறுக்கே போட்ட தாம்போதியை முன்னால் வைத்து, ஆற்றுக்கு அப்பால் ஊர் தெரிய ஒரு படம் இருக்கிறது. ஊரைப் பார்க்க ஊரை விட்டு வெளியே போய், ஆற்றைத் தாண்டி நின்றிருக்கிறார்.

விளக்குத்தூணுக்கு ஒரு படம் இருக்கிறது. நம்ம விளக்குத்தூண்தான்! ஜிகர்தண்டா குடிக்கப் போவோமே, ஜவுளி எடுக்கப் போவோமே, அதே விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. அந்த வேலையில் இருந்தவர்கள் பெயர்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். டிரைப் வந்தபோது கோட்டை போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்தத் தூண் புதுசு. இன்றைக்கு அதைச் சுற்றி ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் போகிறோம்? கடைசியாக அதை நிமிர்ந்து பார்த்தது எப்போது என்று இந்த அவையில் எவராவது சொல்ல முடியுமா?

பிறகு யானைமலை. மேலூர் சாலையில் போகும்போது படுத்துக் கிடக்கும் யானையாகத்தான் நமக்கு அது தெரியும். டிரைப் யானை தெரிகிற பக்கத்தோடு நிற்கவில்லை. மலையின் முனைப்பக்கம் போய், நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்தார். அங்கே யானை போய்விடும். செங்குத்தாகப் பாறை மட்டும் எழுந்து நிற்கும். போகிற போக்கில் வந்தவனுக்கு யானை போதும். மலையைச் சுற்றி வர நேரம் உள்ளவனுக்குத்தான் பாறை கிடைக்கும். அந்தப் படத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகுதிகளில் படத்தோடு விளக்கக் குறிப்பு வந்தது. அதில் ஒரு பங்கை எழுதியவர் பாதிரியார் டிரேசி. மதுரைப் பகுதியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்த அமெரிக்க மிஷனரி. படம் சில வாரம் தங்கியவருடையது, விவரம் பல ஆண்டு தங்கியவருடையது. ஊரை அறிந்தவரும் ஊரைப் படம் எடுத்தவரும் இரண்டு ஆட்களாக இருந்தார்கள். எடுத்த படங்கள் எங்கே போயின? சென்னைக்குப் போயின, லண்டனுக்குப் போயின. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி அந்தப் புகைப்பட வேலையையே நிறுத்திவிட்டார். வைகைக் கரையில் அன்றைக்கு முக்காலிக்கு நிழல் பிடித்தவரோ, நகைப்பெட்டியைத் திறந்து காட்டியவரோ அந்தப் படத்தை ஒரு தடவையாவது கையில் வாங்கிப் பார்த்திருப்பாரா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருங்கள். பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். மதுரைக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான், இருந்தாலும் பேசுகிறேன். நான் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்தால் ஒரே வீச்சில் வெளிச்சம் ஊர் முழுக்கப் பாய்ந்துவிடும். மறைக்க ஒன்றும் இல்லை. இங்கே அப்படி இல்லை. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஏறத்தாழத் திசை பார்த்துப் போட்ட ஊர். வடக்கு மாசி வீதியிலும் தெற்கு மாசி வீதியிலும் காலை வெயில் தெருவின் நீளத்துக்கு ஓடி வரும். கீழ மாசி வீதியிலோ மேல மாசி வீதியிலோ ஒரு பக்கம் பொசுங்கும்போது எதிர்ப்பக்கம் குளிர்ந்து கிடக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, தள்ளுவண்டிக்காரர்கள். காலையில் ஒரு பக்கம், மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கம் என்று நிழலைப் பிடித்துக்கொண்டே கடையை மாற்றுவார்கள். கொய்யாப்பழ வண்டி எந்த நேரத்தில் தெருவைக் கடக்கிறதோ அந்த நேரத்தில் அந்தத் தெருவின் வெளிச்சம் புரள்கிறது. இரண்டு ஆண்டு அந்த வண்டியைப் பார்த்த பிறகு எனக்கு லைட் மீட்டர் தேவைப்படவில்லை.

இன்னொன்று. ஆண்டுக்கு இரண்டு தடவை, நடுப்பகலில் சூரியன் மதுரைக்கு நேர் தலைக்கு மேல் வருகிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கிற நேரத்தில் ஒரு தடவை. இன்னும் எட்டு ஒன்பது நாள் கழித்து, இதே ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. அன்றைக்கு வெளியே போய் நின்று பாருங்கள், உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் போய்விடும். எங்கள் தொழிலுக்கு அது ஆகாத வெளிச்சம். முகத்தை எடுத்தால் கண் இரண்டும் குழியாகக் கறுத்துப் போகும். அப்படிப்பட்ட சித்திரையில்தான் இந்த ஊர் தன் பெரிய திருவிழாவை வைத்திருக்கிறது! முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கவனித்தேன். கள்ளழகர் ஆற்றில் இறங்குவது எப்போது? விடியலில். எதிர்சேவை நீளுவது எப்போது? இருட்டில். தசாவதாரம் இரவெல்லாம். பூப்பல்லக்கும் இரவில். நடுப்பகல் வெயிலை மக்கள் சாமி இளைப்பாறும் மண்டகப்படிப் பந்தலிலும் மரத்தடியிலும் கழித்துவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் எந்த நேரத்தை நல்ல நேரம் என்கிறோமோ, அந்த நேரத்தை அழகர் எங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சித்திரைத் திருவிழாவைத் தொட்டுவிட்டேன். இனிமேல் அதை விட்டு எளிதில் வர முடியாது.

முதல் ஆண்டு ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தங்கக்குதிரை வாகனத்தைக் குறிவைத்து இரவெல்லாம் நின்றேன். என்னோடு ஐம்பது லென்ஸ். விடிந்தது, குதிரை வந்தது, எடுத்தேன். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் என் படம் இருந்தது. அதாவது என் படம் மாதிரியே இருந்த அவரவர் படம். இரண்டாம் ஆண்டும் அதே பாலம், அதே குதிரை. மூன்றாம் ஆண்டு பாலத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்குள் இறங்கினேன். கூட்டம் நெருக்கியதில் நான் ஒரு சுற்றுச் சுற்றி, குதிரைக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து நின்றுவிட்டேன். திரும்ப வழியில்லை. கேமராவை மழைக்கோட்டுக் கவரில் சுற்றியிருந்தேன், அழகர் வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே ஒரு பாட்டி. கையில் சர்க்கரை நிரப்பிய செம்பு, மேலே சூடம் எரிகிறது. அந்தச் சூடத்து வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் விழுகிறது. எடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, சாமி அங்குட்டுப் போகுது, நீ இங்குட்டுத் திரும்பி என்னத்தப் பிடிக்கிற?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "சரி, எனக்கு ஒரு காப்பி குடு" என்றார். நான் ஓடிப்போய்க் கடையில் ஒரு காப்பி வாங்கி வந்து நீட்டினேன். அவர் கூட வந்த சனம் எல்லாம் சிரிக்கிறது. "குடிக்கிற காப்பி இல்லப்பா. பிடிச்சியே, அந்தப் படத்துல ஒரு காப்பி." முகவரி கேட்டேன். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் என்றார். "அட்ரஸ் என்னத்துக்கு? வருசா வருசம் நாங்க இந்த மண்டகப்படிக்கிட்டத்தான் உக்காருவோம். அடுத்த வருசம் கொண்டாந்து குடு."

அடுத்த வருசம்! கவனித்தீர்களா? அவர் என்னைப் பார்த்து ஊருக்கு எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் நான் இங்கேதான் இருப்பேன் என்று அவரே முடிவு செய்துவிட்டார். வேறு ஊரில் வேலை ஒன்று அப்போது எனக்குக் கைகூடி வந்திருந்தது. அதை விட்டதற்கு இந்தப் பாட்டிதான் காரணம் என்று சொன்னால் அது அழகுக்காகச் சொல்வது, சம்பளமும் ஒத்துவரவில்லை. ஆனால் அடுத்த சித்திரையில் படத்தை எடுத்துக்கொண்டு அதே மண்டகப்படிக்குப் போனேன். அவரும் இருந்தார்.

படத்தை வாங்கினார். முந்தானையால் துடைத்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்து நிற்கிறேன். "என் தோள்ல ஒரு கை இருக்கே, பிள்ளை எங்க?" என்றார்.

விஷயம் இதுதான். படத்தில் பாட்டியின் தோளில் ஒரு சின்னக் கை இருக்கும். அவர் பேரனின் கை. பையன் பக்கத்தில்தான் நின்றான். படம் கச்சிதமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் நான்தான் அவனை வெட்டியிருந்தேன். கை மட்டும் இருந்தால் ஒரு மர்மம், ஒரு கவித்துவம் என்று எனக்குள் பெருமை வேறு. பார்த்தவர்களும் மெச்சியிருந்தார்கள். பாட்டிக்கு அது கவித்துவமாகப் படவில்லை. பேரனைக் காணோம், அவ்வளவுதான். வெட்டாத படத்தை மறுபடி பிரிண்ட் போட்டு அதற்கும் அடுத்த ஆண்டு கொடுத்தேன். முழுப் படத்தில் பையன் வாயைப் பிளந்துகொண்டு தங்கக்குதிரையைப் பார்க்கிறான். சொன்னால் நம்புங்கள், அவன் இருக்கிற படம்தான் நல்ல படம். நான் இரண்டு ஆண்டாக நல்லதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நண்பர்களே, தங்குவதால் புகைப்படக்காரனுக்கு நேர்வது இதுதான் என்று நான் நினைக்கிறேன். படத்தில் இருப்பவர் மறுபடி எதிரே வந்து நிற்கிறார். நின்று, படத்தைப் பற்றிப் பேசுகிறார். போய்விட்டவனிடம் எவரும் பேச முடியாது. பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1950இல் மதுரைக்கு வந்தார். எலும்பும் தோலுமான குழந்தை ஒன்றைத் தாயோடு எடுத்த அவருடைய மதுரைப் படத்தை உலகம் பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று இரவு, ரமண மகரிஷி மறைந்தபோது பிரெசோன் திருவண்ணாமலையில் இருந்தார். வானத்தில் ஓர் ஒளி நகர்ந்ததைப் பார்த்துக் கைக்கடிகாரத்தில் மணி குறித்துக்கொண்டார். உலகம் முழுக்கச் சுற்றியவர் அவர், கணத்தைப் பிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. அந்த மேதைமையைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த மதுரைத் தாயின் கைக்கு ஒரு காப்பி போயிருக்குமா என்று என் மனம் கேட்கிறது. நகைப்பெட்டியைத் திறந்தவரைப் பற்றி முன்பு ஒரு கேள்வியை ஓரமாக வைத்தோமே, அதுவும் இதே கேள்விதான்.

தங்குவது காலத்தையும் காட்டும். டிரைப் 1858இல் மீனாட்சி கோயில் புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து எடுத்தார். தூண், தூணுக்குப் பின் தூண், கடைசியில் இருட்டு. ஆள் அரவம் இல்லை. நான் வந்தபோது அதே மண்டபத்தில் தையல் மிஷின் சத்தம் காதைப் பிளக்கும். சிலைக்குப் பக்கத்தில் சிலையாகத் தையற்காரர். பாத்திரக் கடை, புத்தகக் கடை, வளையல் கடை. பொம்மைக் குடையும் சாமி அலங்காரத் துணியும் தொங்கும். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூண்கள் மறுபடியும் தனியாக நின்றன. ஒரு வாரம் வந்துபோகிற புகைப்படக்காரன் அந்த வெறுமையைப் பார்த்தால் என்ன நினைப்பான்? நூற்றாண்டுகளாக இப்படித்தான் அமைதியாக இருந்திருக்கிறது என்று நினைப்பான். அவனுக்கும் டிரைப்புக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். நடுவில் ஓடிய தையல் மிஷின் சத்தம் இரண்டு பேருக்குமே கேட்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நாம். அதனால் மண்டபம் பழைய அழகுக்குத் திரும்பியது என்று எல்லாரும் மகிழும்போது எனக்கு முழுசாக மகிழ வரவில்லை. திருத்த வேண்டியது திருத்தப்பட்டது என்று அறிவு சொல்கிறது. கண் மிஷினைத் தேடுகிறது.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சி கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு கோயிலுக்குள் செல்போனும் கொண்டுபோகக் கூடாது என்று வந்தது. வெளியூர் நண்பர்கள் துக்கம் விசாரிப்பது போல என்னிடம் விசாரித்தார்கள். இனி மதுரையில் என்ன எடுப்பாய் என்று கேட்டார்கள். எனக்கோ அது பெரிய இழப்பாகவே தெரியவில்லை. அதற்குள் நான் வெளியே போய்விட்டிருந்தேன். அதிகாலையில் மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு பாடம். மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். முதல் நாள் ஃபிளாஷ் போட்டேன். பறிக்கிற அக்கா ஒருவர், "கண்ணு கூசுதுண்ணே, மொட்டு தெரிய மாட்டேங்குது, எடைக்குத்தான் காசு" என்றார். என் ஒரு படத்துக்கு அவருக்கு எத்தனை மொட்டு நட்டம்? அன்றோடு ஃபிளாஷ் பையை விட்டு வெளியே வரவில்லை. படங்கள் மங்கலாகத்தான் வந்தன, கை தெரியும், வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக மொட்டு தெரியும். அந்தத் தோட்டத்தில் அந்த நேரத்தில் கண்ணுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

மாணவர்கள் சிலர் கேட்கலாம். ஐயா, நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், எங்களுக்கு இது தேவையா? நல்ல கேள்வி. இதே ஊர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் ஏ. கே. செட்டியார். இங்கிருந்து கொஞ்ச தூரத்துக் கோட்டையூர்க்காரர், 1911இல் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தினார். டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படம் படித்தார், நியூயார்க்குக்குப் போய் மேலும் படித்தார். இரண்டு நகரங்களில் தங்கித் தொழில் பழகிவிட்டு, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகிறார். 1937 அக்டோபர் 2. காந்தியின் பிறந்த நாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் தோன்றுகிறது. அதற்காக ஏறத்தாழ 1 லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி படச்சுருள் திரட்டி, 1940இல் வெளியிட்டார். கோட்டையூரிலேயே இருந்திருந்தால் இந்த எண்ணம் வந்திருக்குமா? காந்தி இங்கேயே மதுரையில்தான் 1921இல் மேல்சட்டையைக் கழற்றினார். ஆனால் அவரைப் படமாகத் திரட்ட வேண்டும் என்று ஒரு தமிழருக்குத் தோன்ற அட்லாண்டிக் கடல் தேவைப்பட்டது. தங்கிய ஊர் சில நேரம் தன்னைக் காட்டுவதில்லை, விட்டு வந்த ஊரைக் காட்டுகிறது.

இன்னொருவர் இன்றைக்கு நம்மோடு வாழ்கிறவர், எம். பழனி குமார். மதுரை ஜவஹர்லால்புரத்தில் பிறந்தவர். அம்மா மீன் விற்றவர். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். தூய்மைப் பணியாளர்களை, ராமநாதபுரத்துக் கடலில் பாசி எடுக்கும் பெண்களை, தன் அம்மாவை எடுத்தார். 2022இல், புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில் 'பாரி' என்னும் ஊரக இந்திய ஆவணகம் தரும் ஆவணப் புகைப்பட விருது முதல் தடவையாக அவருக்கு வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து அவர் சொல்லித் தருவது. நான் பாட்டிக்கு ஒரு காப்பி கொடுத்ததற்கே இத்தனை நேரம் பேசுகிறேன். அவர் கேமராவையே கொடுத்துவிட்டார்.

தங்குவதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தங்கினால் கண் மழுங்கும். விளக்குத்தூண் நமக்குத் தெரியாமல் போனது எப்படி? தங்கித்தான். நாலு தெருவுக்குத் தெரிந்த ஆளாகிவிட்டால் கேமராவைத் தூக்கியதுமே "வாங்கண்ணே" என்று வரிசையாக நின்று கொடுப்பார்கள். சட்டைக் காலரை இழுத்துவிடுவார்கள். மண்டகப்படிக்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போய் உபயதாரர் குடும்பத்தை எடுக்க வைப்பார். வந்த புதிதில் தெருச்சண்டையை, மொட்டை போடும்போது அழும் குழந்தையை, இழவு வீட்டு வாசலைத் தயங்காமல் எடுத்தேன். இப்போது கை எழவில்லை. அங்கே அழுகிற பெண்ணை எனக்குத் தெரியும், அவர் தம்பி கல்யாணத்துக்கு நான்தான் ஆல்பம் போட்டேன். வந்துபோகிற ஒருவன் அந்தப் படத்தை எடுப்பான், அது நல்ல படமாகவும் இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேரமாகிவிட்டது, மணியடிக்கிறார்கள். ஒரு வேண்டுகோளோடு விடைபெறுகிறேன்.

வெளியே போகும் வாசல் பக்கம் ஒரு மேசை இருக்கிறது. அதில் 31 படங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு வெளியே, தெப்பக்குளத்துப் படிக்கட்டில் எடுத்தவை. படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் "அடுத்த தடவை கொண்டாங்க" என்று சொன்னவர்கள். தேடிப் போனேன், கிடைக்கவில்லை. சிலர் வேலை தேடித் திருப்பூர் போயிருக்கலாம், சிலர் வீடு மாறியிருக்கலாம். வெட்டாத படங்கள், பிள்ளைகள் எல்லாரும் முழுசாக இருக்கிறார்கள். போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தெரிந்த முகம் இருந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.